தெற்கு பார்த்த கூரை

1

ஊரில் இப்போது ஆளாளுக்கு மொட்டை மாடியில் சோலார் போடுகிறார்கள் போலிருக்கிறது. வாரத்துக்கு ஒரு போன் எனக்கு வந்துவிடுகிறது. "செல்வி, நீ அங்க போட்டிருக்கியாமே, எந்த பேட்டரி நல்லது?" என்று ஒட்டன்சத்திரத்துச் சித்தி கேட்கிறார். காந்திகிராமத்தில் என்னோடு படித்த ஒருத்தி, பத்து வருஷமாக என் நினைப்பே இல்லாதவள், திண்டுக்கல்லில் வீடு கட்டுகிறாளாம். இன்வெர்ட்டரைப் பற்றி இருபது நிமிஷம் பேசினாள், என் பிள்ளையின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. எங்கள் கூரையில் பேனல் ஏறி இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. எல்லாருக்கும் சேர்த்து ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: நான் திண்டுக்கல் பக்கம் கன்னிவாடிக்காரி. பன்னிரண்டு வருஷமாக உகாண்டாவில், கம்பாலா நகரத்து ஓரத்தில் ஒரு மேட்டில் குடியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் முருகேசன் ஏரிக்கரைப் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் மேலாளர். நான் இட்லி மாவு ஆட்டி விற்கிறேன். நிலநடுக்கோடு எங்கள் வீட்டிலிருந்து காரில் இரண்டு மணி நேரம்கூட இல்லை. சாலையில் ஒரு வெள்ளைக் கோடு போட்டு, பக்கத்தில் பெரிய வளையம் ஒன்று நட்டு வைத்திருக்கிறார்கள். போகிற வருகிற எல்லாரும் அதில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நானும் எடுத்திருக்கிறேன். அந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று மட்டும் போன ஆனி மாதம் வரைக்கும் நான் யோசித்ததில்லை.

சோலார் விஷயத்தில் நான் செய்தது பெரும்பாலும் சரி. ஒரே ஒரு விஷயத்தில் மண்ணைக் கவ்வினேன். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

2

கரண்ட் கட் எனக்குப் புதிதில்லை. தமிழ்நாட்டில் பகலில் பாதி, இரவில் பாதி கரண்ட் இல்லாமல் கிடந்த அந்த வருஷங்களில்தான் எனக்குக் கல்யாணம் ஆனது. நிச்சயதார்த்தத்தன்று கரண்ட் வந்த ஒரு மணி நேரத்துக்குள் கிரைண்டர், மிக்ஸி, மோட்டார், அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஓடவிட்டு, ஃபியூஸ் போய், மாப்பிள்ளை வீட்டார் பாதி ஆட்டிய சட்னியைத்தான் சாப்பிட்டார்கள். என் மாமியார் அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

கம்பாலாவில் கரண்ட் போவது வேறு மாதிரி. அட்டவணை கிடையாது. போனால் பத்து நிமிஷத்திலும் வரும், இரண்டு நாள் கழித்தும் வரும். வரும்போது எகிறிக்கொண்டு வரும். இரண்டு ஃபிரிட்ஜ் அப்படித்தான் எரிந்தன. வீட்டுக்கு மட்டும் என்றால் மெழுகுவத்தியில் ஓட்டிவிடலாம். மாவு வியாபாரத்துக்கு அது ஆகாது. பொங்கின மாவைக் குளிரில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் புளித்துவிடும். புளித்த மாவை ஒரு தடவை கொடுத்தால் அந்த வீட்டுக் கதவு நமக்கு அதோடு சரி.

ஆரம்பத்தில் தெரிந்த நாலு தமிழ் வீடுகளுக்குக் கொடுத்தேன். அது நாற்பதாயிற்று. ஊரிலிருந்து சாய்க்கிற கிரைண்டர் ஒன்றைக் கப்பலில் வரவழைத்தேன். இங்கே சுங்க அலுவலகத்தில் அதைப் பார்த்து, இது சிமெண்ட் கலக்குகிற இயந்திரமா என்று கேட்டு மூன்று வாரம் நிறுத்தி வைத்தார்கள். கடைசியில் ஒரு பாத்திரத்தில் மாவு கொண்டுபோய்க் காட்டி, தோசை சுட்டுக் கொடுக்காத குறைதான்.

வேலைக்கு இந்த ஊர்க்காரி நகாட்டோ வந்தாள். கணவன் இல்லாதவள், இரண்டு பெண் பிள்ளைகள், இருவரும் பள்ளியில். அரிசி களைவது முதல் பாக்கெட் ஒட்டுவது வரை ஆறு வருஷமாக அவள் கைதான். என் மகன் நவீனுக்குப் பதினோரு வயது. அவளோடு இந்த ஊர் லுகாண்டா மொழியில் பேசிச் சிரிப்பான். நான் போய் நின்றால் பேச்சை நிறுத்திவிடுவான். போன தடவை கன்னிவாடிக்குப் போனபோது ஐந்தாவது நாளே "அம்மா, வீட்டுக்கு எப்ப போறோம்?" என்று கேட்டான். என் மதினி சிரித்துக்கொண்டே, "இதாண்டா வீடு" என்றார். அவன் என்னைப் பார்த்தான், நான் வெஞ்சனத்துக்குக் காய் வெட்டுவதில் மும்முரமாக இருப்பது போல் குனிந்துகொண்டேன்.

3

சோலார் போடுவது என்று முடிவானதும் பட்டியல் எடுத்தேன். இதைத்தான் போன் செய்கிற எல்லாரிடமும் முதலில் சொல்கிறேன்: கடைக்குப் போகாதீர்கள், நோட்டை எடுங்கள். வீட்டில் ஓடுகிற ஒவ்வொன்றும் எவ்வளவு இழுக்கிறது, எத்தனை மணி நேரம் ஓடுகிறது, எந்த நேரத்தில் ஓடுகிறது என்று ஒரு வாரம் எழுதுங்கள். கிரைண்டர், மோட்டார் மாதிரி சுற்றுகிற சாமான்கள் கிளம்பும்போது இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். அதைத் தாங்குகிற இன்வெர்ட்டர் வேண்டும். இதைக் கேட்காமல் வாங்கியவர்கள் கிரைண்டர் சுவிட்சைப் போட்டதும் இருட்டில் நிற்பார்கள்.

பேட்டரியில் இரண்டு ஜாதி. ஒன்று நம் வீடுகளில் இருக்கிற டியூபுலர். மாதாமாதம் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, சார்ஜ் பாதிக்கு மேல் வற்றவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று நாலு வருஷத்தில் மூச்சை விட்டுவிடும். இன்னொன்று லித்தியம். விலை அதிகம், தண்ணீர் கேட்காது, முக்கால்வாசிக்கு மேல் காலி செய்தாலும் முகம் சுளிக்காது, பத்து வருஷ வாரண்டி. தினமும் காலியாகி தினமும் நிறைகிற வீட்டுக்கு லித்தியம்தான் என்று நான் முடிவு செய்தேன். இன்றைக்கும் அதில் மாற்றமில்லை.

முருகேசனுக்கு அந்தப் பத்து வருஷம்தான் இடித்தது. "பத்து வருசமா? அம்புட்டு நாளு இங்கயா இருக்கப் போறோம்?" என்றார். வந்த நாளிலிருந்து எங்களுக்கு அடுத்த வருஷம் ஊர்தான். பன்னிரண்டு அடுத்த வருஷங்கள் ஆகிவிட்டன. நான் நோட்டில் லித்தியத்துக்கு டிக் அடித்தேன்.

நிலநடுக்கோட்டு ஊர்களில் சில சௌகரியங்கள் உண்டு. வருஷம் முழுக்கப் பகலும் இரவும் சமம். குளிர்காலத்தில் வெயில் குறையுமே என்று பெரிதாக வாங்க வேண்டியதில்லை. எங்கள் மேடு குளிர்ச்சியானது, பேனலுக்குக் குளிர்ச்சி பிடிக்கும். திண்டுக்கல் வெயிலில் கொதிக்கிற பேனலைவிட இங்கே அது உற்சாகமாக வேலை செய்யும். அசௌகரியமும் உண்டு. மேகம் சொல்லாமல் வரும். இடி, கேட்கவே வேண்டாம், எங்கள் ஏரிக்கரையில் விழுகிற இடி எங்கேயும் விழாது. அதனால் இடியிலிருந்து காக்கிற கருவி இல்லாமல் போடாதே என்று எல்லாரும் சொன்னார்கள், போட்டேன்.

வாடகை வீட்டுக் கூரை என்பதால் வீட்டு உரிமையாளரின் கடிதம், அந்தக் கடிதத்துக்கு உள்ளூர் கவுன்சில் தலைவரின் முத்திரை, அந்த முத்திரை உண்மைதான் என்று இன்னொரு முத்திரை. தலைவர் முத்திரையைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். மையைத்தான் எங்கேயோ வைத்துவிட்டு வருவார். நாலு நடை நடந்தேன்.

4

பொருத்த வந்தவர் ஒகெல்லோ. நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். கூரையில் ஏறி இறங்கினார். எங்கள் வீட்டுக் கூரை இரண்டு பக்கம் சரிவாக இறங்குவது, ஒரு சரிவு வடக்கே, ஒன்று தெற்கே. பன்னிரண்டு பேனலில் ஆறு இந்தப் பக்கம், ஆறு அந்தப் பக்கம் போடலாம் என்றார்.

எனக்குச் சந்தேகம் வந்தது. இரண்டு பக்கம் என்றால் இரண்டு செட் கம்பி, இரட்டைச் சட்டம், கூடுதல் வேலை. இந்தியக்காரி என்றால் தலையில் கட்டலாம் என்று நினைக்கிறார் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். என் அண்ணன் பாண்டிக்குக் கன்னிவாடியில் சோலார் பம்பு செட் இருக்கிறது. அங்கேயே நின்றபடி வீடியோவில் கூப்பிட்டேன். அண்ணன் தோட்டத்தில்தான் இருந்தார். போனைத் திருப்பிப் பேனலைக் காட்டினார்.

"தெக்க பாத்து வையி தாயி. எங்க பக்கம் அம்புட்டுப் பேனலும் தெக்கதான். வேற எவன் என்ன சொன்னாலும் கேக்காத."

நான் போனை ஒகெல்லோ முகத்துக்கு நேரே நீட்டினேன். பார்த்துக்கொள், எங்கள் ஊரில் தென்னந்தோப்புக்குத் தோப்பு சோலார் இருக்கிறது, எங்களுக்கா சொல்லித் தருகிறாய் என்கிற தோரணை. இங்கே சூரியன் பாதி வருஷம் அந்தப் பக்கம் போய்விடும் என்று அவர் ஏதோ சொன்னார். நான் முழுதாகக் கேட்கவில்லை. மாவு எப்போது ஆட்டுவீர்கள் என்று கேட்டார், சாயங்காலம் என்றேன். பகலில் ஆட்ட முடியுமா என்றார். மாவைச் சாயங்காலம் ஆட்டித்தான் ராத்திரி புளிக்க வைப்பார்கள் என்று சிரித்தேன்.

அன்று வீட்டில் இருந்த முருகேசன், அவர் சொல்வதையும் கொஞ்சம் கேட்கலாமே என்று மெதுவாக இழுத்தார். உங்கள் ரோஜாவுக்கு மருந்தடிக்கும்போது நான் வந்து சொல்கிறேனா என்றேன். அவர் உள்ளே போய்விட்டார்.

பன்னிரண்டு பேனலும் தெற்குச் சரிவில் ஏறின. வேலை முடிந்ததும் ஒகெல்லோ ஒரு படிவத்தை நீட்டினார். கீழே பேனாவால் ஒரு வரி எழுதியிருந்தார்: திசை, வாடிக்கையாளரின் விருப்பப்படி. அதன் கீழே நான் தமிழில் அழகாகக் கையெழுத்துப் போட்டேன்.

5

மார்கழி, தை, மாசி. அந்த மூன்று மாதமும் என்னைப் பிடிக்க முடியவில்லை. காலை பதினொரு மணிக்கெல்லாம் பேட்டரி நிறைந்துவிடும். மேடு முழுக்க இருட்டாக இருக்கும்போது எங்கள் வீட்டில் மட்டும் கிரைண்டர் ஓடும். போனில் ஒரு செயலி உண்டு. வெயில் எவ்வளவு வருகிறது, பேட்டரி எத்தனை சதவீதம் என்று கோடு கோடாகக் காட்டும். அதை அண்ணனுக்குத் தினமும் அனுப்பினேன். "நாஞ் சொன்னேன்ல" என்று அவரும் தினமும் பதில் போட்டார்.

அந்தத் தைரியத்தில்தான் நகாட்டோவையும் கூட்டிக்கொண்டு ஜோத்ஸ்னாபென்னைப் பார்க்கப் போனேன். குஜராத்தி அம்மாள், நகரத்தில் நாலு மளிகைக் கடை வைத்திருக்கிறார். அவர் தாத்தா காலத்திலேயே இங்கு வந்த குடும்பம். மாவை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, சித்திரையிலிருந்து மூன்று மாதம் ஒரே ஒரு கடைக்குக் கொடுங்கள், ஒரு நாள் தவறினால் மன்னிப்பேன், இரண்டாவது நாள் தவறினால் நமக்குள் வியாபாரம் இல்லை என்றார். சரி என்றேன். வாசலுக்கு வந்ததும் நகாட்டோ என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய மூத்த பெண் மேல்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டிய வருஷம் அது. இந்த வியாபாரம் நின்றால் அவளுக்கு முழு நாள் வேலை இருக்காது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

சித்திரை, வைகாசி எப்படியோ ஓடியது. மழை இருந்தாலும் பாதி நாள் ஊர்க் கரண்ட் இருந்தது. ஆனி பிறந்தது. எங்கள் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. புதியது வர எத்தனை நாள் ஆகும் என்று கேட்கப் போனால், முதலில் புகார் எண் வாங்கி வாருங்கள் என்றார்கள். புகார் எண் தருகிற ஜன்னலில், கம்ப்யூட்டருக்குக் கரண்ட் இல்லை, நாளைக்கு வாருங்கள் என்றார்கள். சத்தியமாக நடந்தது. சரி போகட்டும், நமக்கென்ன, சோலார் இருக்கிறது என்று திரும்பி வந்தேன்.

மழை நின்று வெயிலும் நன்றாகத்தான் அடித்தது. ஆனால் பேட்டரி நிறையவில்லை. மதியம் மூன்று மணிக்கும் அறுபது சதவீதத்தில் நின்றது. சாயங்காலம் கிரைண்டர் ஓடி, இரவில் ஃபிரிட்ஜ்கள் ஓடி, விடிவதற்குள் எல்லாம் அடங்கிப்போயிருந்தன. காலையில் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் மாவு பாத்திரத்தை விட்டு வழிந்து தரையில் கிடந்தது. வாசனையே சொல்லிவிட்டது. அன்று கடைக்கு மாவு போகவில்லை. ஜோத்ஸ்னாபென்னுக்கு நானே போன் செய்தேன். அவர் திட்டவில்லை. "ஒன்று" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

6

தப்பு யாருடையது என்று நான் தேடிய தேடல் இருக்கிறதே, அதை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. முதலில் தூசி என்றேன். முருகேசனைக் கூரையில் ஏற்றி பன்னிரண்டு பேனலையும் துடைக்க வைத்தேன். அடுத்தது பக்கத்து வீட்டு வெண்ணெய்ப்பழ மரம். அதன் நிழல் காலையில் ஒரு ஓரத்தில் விழுகிறது என்று சண்டை போட்டு, கவுன்சில் தலைவரின் முத்திரையோடு ஒரு கிளையை வெட்ட வைத்தேன். அந்த வீட்டம்மாள் இன்னும் என்னோடு பேசுவதில்லை. பிறகு பேட்டரியே கோளாறு, ஒகெல்லோ பழையதைத் தள்ளிவிட்டார் என்றேன். அண்ணனிடம் சொன்னேன். "அந்தாளு ஏமாத்திப்புட்டான்" என்று அவரும் தீர்ப்புச் சொன்னார். ஒகெல்லோவுக்குக் காரசாரமாக ஒரு கடிதம் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தேன். அனுப்பாமல் வைத்திருந்ததுதான் நான் அந்த மாதத்தில் செய்த ஒரே நல்ல காரியம்.

மூன்று நாள் எப்படியோ ஓட்டினோம். டிவி இல்லை, அயர்ன் இல்லை, வெந்நீர் இல்லை. நவீன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பக்கத்துத் தெரு நண்பன் வீட்டிலேயே கிடந்தான். நான் சதவீதத்தைப் பார்த்துப் பார்த்து, சோறு இறங்காமல் கிடந்தேன்.

நாலாவது நாள் மத்தியானம். மாவோடு கொஞ்சம் மோர்மிளகாயும் போட்டு விற்பது உண்டு. அதைக் காயப்போடுவது சமையலறைக்கு வெளியே, தெற்குப் பக்கத்துச் சிமெண்ட் படியில். மிளகாய்த் தட்டுகளைக் காணோம். எங்கே என்று கத்தினேன். நகாட்டோ வீட்டைச் சுற்றிக்கொண்டு என்னை வடக்குப் பக்கம் கூட்டிப் போனாள். அங்கே சுவரோரம் வரிசையாகத் தட்டுகள், மேலே சுள்ளென்று வெயில்.

யாரைக் கேட்டு இங்கே கொண்டுவந்தாய் என்றேன். எனக்கு அன்றைக்கு யார் மேலாவது விழ வேண்டும்.

"ஞாபோ," என்றாள். அம்மா என்பது போல அவர்கள் பாஷையில் மரியாதைச் சொல். "இந்த மாதங்களில் சூரியன் இந்தப் பக்கம்தானே. அந்தப் படியில் உச்சிப் பொழுதிலும் கூரை நிழல். நான் வருஷா வருஷம் மாற்றுவேன். நீங்கள் பார்த்ததில்லை."

நான் கீழே பார்த்தேன். மணி ஒன்று. என் நிழல் தெற்கே விழுந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். சூரியன் என் முகத்துக்கு நேரே, வடக்கே நின்றது. எனக்குப் பின்னால் கூரையின் அந்தப் பக்கச் சரிவில், என் பன்னிரண்டு பேனலும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தன.

எனக்கு வெட்கமாக இருந்தது. சொல்லப்போனால் அழுகையே வந்தது. எங்கள் ஊரிலேயே சித்திரை கழிந்தால் உச்சி வெயில் வடக்கே சாயும். எனக்குத் தெரியாததா? ஆனால் அங்கே அது கொஞ்ச நாள், கொஞ்சச் சாய்வு. மிச்ச நாளெல்லாம் தெற்கு என்பதால் தெற்கு பார்த்து வைப்பது அங்கே கணக்கு. இங்கே அது சரிபாதி. அந்த வெள்ளைக் கோட்டின் மேல் நின்று படம் எடுத்தேனே, அதற்கு இதுதான் அர்த்தம். பன்னிரண்டு வருஷம் இந்த ஊர் வெயிலில் துணி காயப்போட்டிருக்கிறேன், மிளகாய் காயப்போட்டிருக்கிறேன். அது எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்று நிமிர்ந்து பார்க்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை. அதைக் கன்னிவாடியில் இருக்கிற அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். பக்கத்தில் நின்ற நகாட்டோவைக் கேட்கவில்லை.

7

ஒகெல்லோவுக்குப் போன் செய்தேன். அவர் வடக்கே ஒரு ஊரில் வேலையாக இருந்தார், வர ஐந்து நாள் ஆகும் என்றார். அந்த ஐந்து நாளும் கடைக்கு மாவு போயாக வேண்டும்.

வழி நகாட்டோவுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது என்று சொல்வதுதான் நியாயம். வெயில் நாம் கூப்பிடுகிற நேரத்துக்கு வராது என்றால் நாம் அது இருக்கிற நேரத்துக்குப் போக வேண்டும். எங்கள் அப்பா த்ரீ பேஸ் கரண்ட் எப்போது வரும் என்று மோட்டார் ரூம் வாசலில் காத்துக் கிடந்தவர். வந்த நிமிஷம் எதை விட்டுவிட்டும் ஓடுவார். அவர் மகள் நான், சாயங்காலம்தான் மாவாட்டுவேன் என்று சட்டம் பேசிக்கொண்டிருந்தேன். அரிசியை விடியுமுன் ஊறப்போட்டு, பதினொன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே ஆட்டினோம். அப்போது வருகிற வெயில் நேரே கிரைண்டருக்குப் போகும், பேட்டரியைத் தொட வேண்டியதில்லை. மாவு சாயங்காலத்துக்குள் பொங்கத் தொடங்கி, நாங்கள் படுக்குமுன் ஃபிரிட்ஜுக்குள் போய்விடும். முதல் நாள் விடியும்போது பேட்டரியில் பதினோரு சதவீதம் மிச்சம் இருந்தது. இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டோம்.

ஐந்து நாளும் மாவு போனது. ஆறாம் நாள் ஒகெல்லோ வந்து, ஆறு பேனலைக் கழற்றி வடக்குச் சரிவில் ஏற்றினார். அரை நாள் வேலை. நான் டீ போட்டுக் கொடுத்து, நீங்கள் அன்றைக்குச் சொன்னது சரி, நான்தான் கேட்கவில்லை என்றேன். ஏன் அன்றைக்கே என்னிடம் அடித்துப் பேசவில்லை என்றும் கேட்டேன், அதுதான் என் குணம்.

அவர் டீயைக் குடித்துவிட்டுச் சொன்னார். "நீங்கள் அவ்வளவு உறுதியாகப் பேசினீர்கள். எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. இரவு வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன்."

என்னை இதுவரை யாரும் இப்படித் திட்டியதில்லை. அவர் திட்டுவதாக நினைத்துச் சொல்லவுமில்லை.

ஆடி முடிவில் ஜோத்ஸ்னாபென் எங்கள் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். நாலு கடைக்கும் வேண்டும் என்றார். நான் சிரிப்பதற்குள் அடுத்ததைக் கேட்டார். "மார்கழியில் நீங்கள் எல்லோரும் ஊருக்குப் போய்விடுவீர்களே. ஐந்து வாரம் என் கடைக்கு என்ன பதில்?"

உண்மைதான். சோலார் செலவால் ஊருக்குப் போகாத போன வருஷம் தவிர, வருஷா வருஷம் டிசம்பரில் கிரைண்டரைக் கழுவிக் கவிழ்த்து, அறையைப் பூட்டி, சாவியை என் கைப்பையில் போட்டுக்கொண்டுதான் விமானம் ஏறுவேன். நகாட்டோவுக்கு அந்த ஐந்து வாரமும் வேலை இல்லை. அவள் அதைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நான் நினைத்ததுமில்லை.

"இவள் பார்த்துக்கொள்வாள்" என்றேன். நகாட்டோ என்னைப் பார்க்கவில்லை. ஜோத்ஸ்னாபென்னைப் பார்த்து, "நான் இருக்கிறேன்" என்றாள்.

8

இதைக் கன்னிவாடியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வந்து மூன்று நாள் ஆகிறது. அண்ணன் வீட்டு முற்றத்தில் கட்டில் போட்டிருக்கிறார்கள். மார்கழி என்று பெயர்தான், பகல் வெயில் தகிக்கிறது. அண்ணனிடம் பேனல் கதை முழுதையும் சொன்னேன். செத்த நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நாஞ் சொன்னது இந்த ஊருக்குச் சரிதான?" என்றார். சரிதான் என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

இன்று காலை நகாட்டோவிடமிருந்து சேதி வந்தது: மழை. இரவெல்லாம் இடியாம், ஊர்க் கரண்டும் இல்லையாம். காலை மாவு எல்லாக் கடைக்கும் போய்விட்டது. அது நேற்று ஆட்டியது. நாளைக்கானதை இன்று ஆட்ட வேண்டும். செயலியில் பார்த்தேன், பேட்டரி பதினாலு சதவீதம். அதில் கிரைண்டர் போட்டால் ஃபிரிட்ஜ் நிற்கும். போன் செய்து இப்படிச் செய், அப்படிச் செய் என்று சொல்லக் கை பரபரத்தது. செய்யவில்லை. அவளுக்குத் தெரியும். தெரியும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அரை மணிக்கொரு தரம் போனைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மத்தியானம் ஒன்றரை மணி. அங்கே பதினொன்று. மதினி இலை போட்டுக் கூப்பிட்டார். நான் முற்றத்தில் நின்று, கண் கூசுகிற வெயிலில் போனுக்குக் கையால் நிழல் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார்.

"அங்க என்னத்த அப்படிப் பாக்குற?"

"வெயில் வந்துருச்சான்னு பாக்குறேண்ணே."

"இங்க இம்புட்டு அடிக்குதே, இது பத்தலையா உனக்கு?"

நான் மறுபடி செயலியைப் பார்த்தேன். அதுவரை தரையோடு கிடந்த வெயிலின் மஞ்சள் கோடு மெதுவாகத் தலை தூக்கியது. கொஞ்சம் நின்றது. பிறகு விறுவிறுவென்று ஏறியது. அதன் கீழேயே இன்னொரு கோடு குபுக்கென்று எழும்பியது. கிரைண்டர் கிளம்பும்போது அப்படித்தான் எழும்பும். நகாட்டோ சுவிட்சைப் போட்டுவிட்டாள்.

போனை மூடிக் கட்டிலில் வைத்துவிட்டு உள்ளே போய் இலை முன்னால் உட்கார்ந்தேன். மூன்று நாளில் இன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.